நிலத்தில் காய்ந்த கம்மை எடுப்பது: எந்தக் கம், எந்த நிலம்?

கேள்வி இதுதான். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டின் ஹோலில் பல வருடங்களாக ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் கார்பெட்டை உரித்திருக்கிறார்கள். அடியில் பழைய சிவப்புச் சீமெந்து நிலம். அதன்மேல் மஞ்சளாகத் திட்டுத்திட்டாகக் கம் படிந்திருக்கிறது. அதே வீட்டுக் குசினியில் புதிதாகப் பதித்த மாபிளில் சுப்பர் குளூ சிந்தி, ஐந்தாறு சொட்டுகள் கண்ணாடிபோலக் காய்ந்துவிட்டன. இரண்டுக்கும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஹோல் முழுக்கப் பிசுபிசுப்பு. குசினிச் சொட்டுகள் அசையவே இல்லை. இனி என்ன செய்வது?

மண்ணெண்ணெய் இரண்டு இடத்திலும் தோற்றதற்குக் காரணம் வேறு வேறு. சுப்பர் குளூவை அது கரைக்காது. ஒரு லீற்றர் ஊற்றினாலும் சொட்டு அப்படியே இருக்கும். கார்பெட் கம்மை அது அரைகுறையாக இளக்கும். இளகிய கம்மைச் சுரண்டி எடுக்காமல் துணியால் தேய்த்ததால், திட்டாக இருந்தது படலமாகி நிலமெங்கும் பரவிவிட்டது. அதோடு மண்ணெண்ணெயில் இருக்கும் எண்ணெய்ப்பசை சீமெந்தின் நுண்துளைக்குள் இறங்கியிருக்கும். நல்லவேளையாக, இரண்டுமே சரிசெய்யக் கூடியவைதான்.

இந்த வேலையில் நிலம் கெடுவது பெரும்பாலும் கம்மால் அல்ல, கம்மை எடுக்கப் போட்ட பொருளால்தான். அதனால் போத்தலைத் திறக்குமுன் இரண்டு விடை வேண்டும்: ஒட்டியிருப்பது எந்த வகைக் கம்? அது ஒட்டியிருப்பது எந்த வகை நிலம்?

கம்மின் பெயர் தெரியாவிட்டாலும் வகையைக் கண்டுபிடிக்கலாம். முதலில் நகத்தால் அழுத்துங்கள். கண்ணாடிபோலக் கெட்டியாக, விளிம்பில் தட்டினால் சில்லாகத் தெறித்தால் அது சுப்பர் குளூ. கெட்டியாகவும் தேன் நிறமாகவும், தெறிக்காமல் அடம்பிடித்தால் அரல்டைட் போன்ற இரண்டு ரியூப் கலந்து பூசும் எபொக்சி. நகம் பதிந்து, பின் மெல்ல மேலெழுந்து வந்தால் ரப்பர் வகை: போர்மிக்கா ஒட்டவும், செருப்புத் தைப்பவர்களும், சோபா வேலைக்காரரும் பாவிக்கும் மஞ்சள் கம் இதுதான். ரப்பர்போல இழுபட்டாலும் கையில் ஒட்டாமல் வழுவழுப்பாக இருந்தால் சிலிக்கன்.

அடுத்தது வெந்நீர்ச் சோதனை. கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு துண்டுத் துணியை நனைத்துக் கம்மின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது கம் வெளுத்து, பாலாடைபோல இளகியிருந்தால் அது தண்ணீரில் கலந்து செய்த கம். ஓடாவிமார் மரத்துக்குப் பூசும் வெள்ளை பைண்டர் கம்மும், சில கார்பெட் கம்களும் இந்த வகை. உங்கள் ஹோலில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் கார்பெட் ஒட்டியவர் எதைப் பாவித்தார் என்பதைப் பொறுத்து உங்கள் வேலை பாதியாகக் குறையலாம். வெந்நீருக்கு அது மசிந்தால் தின்னர், அசெற்றோன் (பல நெயில் பொலிஷ் ரிமூவர்களில் இருக்கும் திரவம்) ஒன்றுமே வேண்டாம்.

வெந்நீருக்கு மசியாவிட்டால், காது குடையும் பஞ்சுக்குச்சியை அசெற்றோனில் தோய்த்து, ஓரமான ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுப்பர் குளூ மேலே வெளுத்து மெதுவாகும். எஸ்லோன் குழாய் ஒட்டும் பிவிசி கம் நூலாக இழுபடும். ரப்பர் கம் ஊதிப் பெருக்கும். எபொக்சியும் சிலிக்கனும் ஒன்றும் நடவாததுபோல இருக்கும். இதே சோதனை நிலத்துக்கும் உதவும். பஞ்சில் நிலத்தின் சாயம் ஏறினால் அங்கே அசெற்றோன் பாவிக்கக் கூடாது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இனி நிலம். நம் பக்கத்தில் நிலத்தில் பதிக்கும் எல்லாவற்றையும் மாபிள் என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் பெட்டியாக வாங்கிப் பதிப்பது பெரும்பாலும் செராமிக் அல்லது போசிலின் ரைல்ஸ். அதன் மேற்பூச்சு கண்ணாடிக்கு உறவான பொருள். அசெற்றோன், தின்னர், வினாகிரி எதுவும் அந்தப் பூச்சைத் தொடாது. ஆனால் உண்மையான மாபிள் கல்லும், பழைய வீடுகளிலும் பாடசாலைகளிலும் போட்ட டெராசோ நிலமும் சுண்ணக்கல் வகை. தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, கழிவறை கழுவும் அசிட் ஆகியவை அதன் பளபளப்பை ஒரு நிமிடத்திலேயே தின்றுவிடும். அந்த மங்கலைத் துடைத்து எடுக்க முடியாது. மெஷின் வைத்துப் பொலிஷ் பண்ணித்தான் திருப்ப வேண்டும். ஆகவே உங்கள் மாபிள் எந்த மாபிள் என்று தெரியாவிட்டால், புளிப்பான எதையும் போடாதீர்கள்.

ரைல்ஸிலும் பலவீனமான இடம் உண்டு. அது ரைலுக்கும் ரைலுக்கும் இடையில் பூசிய சீமெந்துக் கோடு. அசிட் அதை அரிக்கும், கரைந்த கம் அதற்குள் இறங்கிக் கறுப்பாக நிற்கும். கோட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது கோட்டின்மேல் மாஸ்கிங் ரேப் ஒட்டிவிடுவது இரண்டு நிமிட வேலை. அதைத் தவறவிட்டால் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டிவரும்.

பிளாஸ்டிக் கார்பெட்டின் மேலேயே கம் சிந்தியிருந்தால் அசெற்றோனையும் தின்னரையும் மறந்துவிடுங்கள். இரண்டும் பிவிசியை இளக்கிப் பூவேலைப்பாட்டை அழித்துவிடும். பெயின்ற் பூசிய சீமெந்து நிலத்துக்கும் இதே எச்சரிக்கை. சிவப்புச் சீமெந்து நிலம் இதில் தனி வகை. அந்தச் சிவப்பு, மேலே இழுத்த சில மில்லிமீற்றர் பூச்சில் மட்டுமே இருக்கிறது, கீழே சாம்பல் நிறச் சீமெந்துதான். அழுத்திச் சுரண்டினாலோ கரடுமுரடான சாண்ட் பேப்பர் போட்டாலோ சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். பல வருடம் கார்டினல் என்ற சிவப்பு மெழுகைப் பூசிப் பொலிஷ் ஏற்றிய நிலமென்றால், எந்தத் தின்னர் பட்டாலும் அந்த மெழுகு கரைந்து வெளிர்ந்த வட்டம் விழும். அதற்குப் பயப்பட வேண்டாம், பொலிஷை மீண்டும் ஏற்றலாம். சுரண்டிப் போன சாயத்தைத்தான் ஏற்ற முடியாது.

முதலில் குசினிச் சொட்டுகள், அது இலகுவான வேலை.

சுப்பர் குளூவின் வேதிப்பெயர் சயனோஅக்கிரிலேற். 1942 இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அன்று ஒதுக்கிவிட்டார்கள். 1958 இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. அது இறுகுவதற்குத் தேவை காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. சிந்தியவுடன் துணி தேடி ஓடுவதற்குள் அது இறுகிவிடுவதும் இதனால்தான். இன்னொன்று: ஈரமாக இருக்கும் சுப்பர் குளூவைக் கோட்டன் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் அது மிக வேகமாக இறுகிக் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

காய்ந்த சொட்டுக்கு மருந்து அசெற்றோன். நெயில் பொலிஷ் ரிமூவர், அதாவது கியூட்டெக்ஸ் அழிக்கும் திரவம், பலவற்றில் அதுதான் இருக்கிறது. ஆனால் அசெற்றோன் இல்லாத ரிமூவரும் கடைகளில் பக்கத்திலேயே நிற்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். ஐந்தாறு சொட்டுக்கு 50 மில்லிலீற்றர் தாராளம்.

இங்கே பலர் செய்யும் பிழை, அசெற்றோனை ஊற்றித் தேய்ப்பது. நம் வெயிலில், மின்விசிறியும் சுழன்றால், ஊற்றிய அசெற்றோன் ஒரு நிமிடம்கூட நிற்காது. கம்முக்குள் இறங்கவே அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பிறகு அசெற்றோன் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அசிட் பக்கம் போகிறார்கள். செய்ய வேண்டியது இது. சொட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் பஞ்சைப் பிய்த்து, அசெற்றோனில் தோய்த்து சொட்டின்மேல் வைத்து, அதன்மேல் பொலித்தீன் துண்டையோ அலுமினியத் தாளையோ போட்டு, ஒரு சிறிய கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்து மூடுங்கள். பத்து நிமிடம். சொட்டு தடிப்பென்றால் இருபது நிமிடம், இடையில் ஒருமுறை பஞ்சை மீண்டும் நனைக்க வேண்டும். ரெஜிபோம் கப்பில் அசெற்றோனை ஊற்றாதீர்கள், கப்பே கரைந்து நிலத்தில் வழியும். கண்ணாடி, எவர்சில்வர், சாதாரண பொலித்தீன் மூன்றும் தாங்கும்.

மூடியை எடுத்தவுடன் சுரண்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சுரண்டலாம் என்று விட்டால் கம் திரும்ப இறுகிவிடும். வழவழப்பான ரைல்ஸுக்குப் பிடியில் மாட்டிய புதிய சவர பிளேட் சரி. நிலத்தோடு படிய, 20 முதல் 30 பாகை சரிவில் பிடித்து, முன்னோக்கித் தள்ளுங்கள். பின்னோக்கி இழுத்தால்தான் கீறல் விழும். பிளேட்டுக்கு முன் சோப்புத் தண்ணீர் இரண்டு துளி விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். கறல் பிடித்த பிளேட்டும் இரும்புக் கம்பிப் பஞ்சும் வேண்டாம். அவை ரைல்ஸில் விடும் சாம்பல் கோடுகளைக் கீறல் என்று நினைத்துப் பயப்படுவார்கள். உண்மையில் அது உராய்ந்து ஒட்டிய உலோகம். செராமிக் ரைலென்றால் வினாகிரியில் நனைத்த துணியால் துடைக்க மறையும், உடனே தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

சொரசொரப்பான ரைல்ஸில் பிளேட் உதவாது. அதில் கம் பள்ளங்களுக்குள் இருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை அசெற்றோனில் தோய்த்து ஊறிய இடத்தில் தேய்த்து, கரைந்த கம் ஈரமாக இருக்கும்போதே காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றுவது முக்கியம். துடைத்தால் கரைந்தது பக்கத்துப் பள்ளத்துக்குள் போகும். பிரஷ்ஷின் பிடி அசெற்றோனில் இளகலாம், அதனால் நுனியை மட்டும் நனைத்தால் போதும்.

அசெற்றோன் போட முடியாத நிலமென்றால் சூடு உதவும். சுப்பர் குளூ ஏறத்தாழ 80 பாகை செல்சியஸுக்கு மேல் பலமிழக்கும். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடி தட்டையான எவர்சில்வர்ச் சட்டியில் ஊற்றி, சொட்டின்மேல் அலுமினியத் தாள் போட்டு அதன்மேல் சட்டியை ஐந்து நிமிடம் வைத்தால் போதுமான சூடு இறங்கும். நெருப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. சூடேறிய கம்மிலிருந்து வரும் ஆவி கண்ணைக் கரிக்கும், முகத்தைத் தள்ளி வைத்திருங்கள். அசெற்றோன் போட்ட இடத்தில் மட்டும் சூடு வைக்கக் கூடாது. ஒன்று அல்லது மற்றது.

எபொக்சிக்கும் இதே சட்டி வழிதான் சிறந்தது. நன்கு இறுகிய எபொக்சியை வீட்டில் கிடைக்கும் எதுவும் கரைக்காது, ஏனென்றால் அதன் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஆனால் சாதாரண சூட்டில் இறுகிய எபொக்சி 60 பாகை அளவிலேயே தோல்போல மெதுவாகும். சட்டியை எடுத்ததும் பட்டி பூசும் தகட்டை விளிம்பில் செருகித் தூக்குங்கள், ஆறினால் மீண்டும் வையுங்கள். ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு நான்கைந்து முறை வைக்க வேண்டிவரலாம். ஹீற் கன் வைத்திருப்பவர்கள் அதை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரைலின் ஒரு புள்ளி மட்டும் திடீரென்று சூடேறினால் வெடிக்கும். எபொக்சி இன்னும் இறுகாமல் இருந்தால் கதை வேறு, வினாகிரியில் நனைத்த துணியாலேயே துடைத்து எடுத்துவிடலாம்.

ஹாட்வெயார்களில் ஜெல்லாக விற்கும் பெயின்ற் ரிமூவரை இதற்குப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் டைகுளோரோமீதேன் இருக்கிறது. மூடிய அறையில் அதன் ஆவி ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் அந்த வகை ரிமூவரை வீட்டுப் பாவனைக்கு விற்பதை 2019 இல் தடைசெய்தார்கள். ஒரு சொட்டு எபொக்சிக்காக வீட்டுக்குள் அதைத் திறக்க வேண்டாம்.

இனி ஹோல். பெரிய வேலை இதுதான்.

மாதத்தை முதலில் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மழைக்காலத்தில் நம் கரையோர மண்ணில் நிலத்தடித் தண்ணீர் மேலே ஏறி நிற்கும், சீமெந்து நிலத்தில் ஓதம் ஏறும். அப்போது கார்பெட்டுக்கு அடியில் இருந்த கம் ஈரத்தை வாங்கிப் பாகுபோல ஆகிவிடும். பிளேட்டில் சுருண்டு ஒட்டும், எடுத்த இடத்திலும் திரும்பப் படியும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கதவு ஜன்னலைத் திறந்து இரண்டு மூன்று நாள் நிலத்தைக் காயவிட்டால், அதே கம் உலர்ந்து ஏடு ஏடாகப் பெயரும். அவசரமில்லையென்றால் காத்திருப்பதே பாதி வேலை.

மண்ணெண்ணெய்ப் பிசுபிசுப்பை முதலில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரும் தின்னரும் கம்மை எட்டாது. நான்கு லீற்றர் சூடான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோப்புத்தூள், தும்புப் பிரஷ், பழைய துணி. கழுவி, ஒற்றி, காயவிட்டு, மறுநாள் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மணம் முற்றாகப் போகச் சில வாரம் எடுக்கலாம். கம் எடுக்கும் வேலைக்கு அது தடையில்லை, வழுக்கல் போனால் போதும்.

ஹோலை இரண்டடிச் சதுரங்களாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சதுரத்துக்கு மேல் இளக்கக் கூடாது. இளக்கியதைச் சுரண்டுமுன் அது காய்ந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும். வாசலுக்கு எதிர்ப்பக்க மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள்.

வெந்நீருக்கு மசியும் கம்மென்றால், பழைய சணல் சாக்கு ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சதுரத்தின்மேல் விரித்து, பொலித்தீனால் மூடி அரை மணியிலிருந்து முக்கால் மணி விடுங்கள். பின் நான்கு அங்குலப் பட்டித் தகட்டால் தள்ளுங்கள். தகட்டின் இரண்டு மூலைகளையும் அரத்தால் சற்று உருட்டிவிட்டால் சிவப்புப் பூச்சில் கோடு விழாது. தண்ணீரில் கால் பங்கு வினாகிரி கலந்தால் வெள்ளைக் கம் இன்னும் வேகமாக இளகும் என்பது உண்மை. ஆனாலும் சீமெந்து நிலத்துக்கு வினாகிரி நல்லதல்ல, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். சாக்கை இன்னும் கால் மணி கூடுதலாக வைப்பதே மேல்.

ரப்பர் கம்மென்றால் கரைப்பதற்கு முன் சுரண்டக் கூடியதையெல்லாம் காய்வாகவே சுரண்டிவிடுங்கள். தடித்த திட்டுகளின்மேல் ஐஸ்கட்டி நிறைத்த பொலித்தீன் பையைக் கால் மணி வைத்தால் ரப்பர் விறைத்து, தகட்டுக்குத் துண்டாகத் தெறிக்கும். 32 பாகை வெயிலில் அது திரும்ப இளக அதிக நேரம் எடுக்காது, பையை எடுத்த கையோடு சுரண்டுங்கள். உடைந்த சிரட்டையின் விளிம்பும் இதற்கு அருமையான கருவி. கம்மைப் பெயர்க்கும் அளவுக்குக் கூர், நிலத்தை இரும்புபோலக் கீறாது. இந்தக் கட்டத்தில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு தின்னர் மிச்சம்.

எஞ்சும் படலத்துக்குத்தான் தின்னர். இங்கே ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். கடையில் தின்னர் என்று மட்டும் கேட்டால், எனாமல் பெயின்றுக்குக் கலக்கும் டர்பன்டைன் வகையையும் தருவார்கள். அது மண்ணெண்ணெயின் தம்பி. ரப்பர் கம்மை மெதுவாகத்தான் இளக்கும், எண்ணெய்ப்பசையும் விடலாம். தளபாடத்துக்கு லாக்கர் அடிப்பவர்கள் பாவிக்கும் என்.சி. தின்னரைக் கேளுங்கள். அதில் இருக்கும் தொலுயீனும் கீற்றோன்களும் ரப்பர் கம்மை ஊதவைத்து நிலத்திலிருந்து கழற்றும். ஒரு சதுரத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவில் துணியை நனைத்து விரித்து, பொலித்தீன் மூடி, பத்து நிமிடம் விட்டு, கம் வெண்ணெய்போல ஆனதும் தகட்டால் ஒரே திசையில் தள்ளி மூடியுள்ள ரின்னுக்குள் போடுங்கள். கடைசியில் தகட்டுக்கு அகப்படாத வழுவழுப்பு நிற்கும். அதன்மேல் ஓடாவியிடம் வாங்கிய காய்ந்த மரத்தூளைத் தூவித் தும்புப் பிரஷ்ஷால் தேய்த்தால், தூள் கம்மை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு வரும். மணல் வேண்டாம், சிவப்பைக் கீறும்.

ஆனால் முழு ஹோலுக்கும் இந்த வழி என்று நினைக்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டடி அறை என்றால் முப்பது சதுரம். கணக்குப் போட்டால் ஒன்றரை லீற்றர் தின்னர் ஒரு வீட்டுக்குள் ஆவியாகிறது. ஒரு நாளில் நான்கைந்து சதுரத்துக்கு மேல் செய்யக் கூடாது, அதுவும் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து. கம் அறை முழுக்கத் தடிப்பாக இருந்தால், டெராசோ தேய்க்கும் மெஷின் வைத்திருப்பவரை அழைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே சரி. சிவப்பு நிறம் அப்போது போய்விடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாமல் காய்வாகத் தேய்க்க விடவே கூடாது, சீமெந்திலிருந்து எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி ஆறாத நோயாகும். மிகப் பழைய கட்டடத்தில் சதுரச் சதுரமான கடினப் பிளாஸ்டிக் ரைல்ஸும் அடியில் தார்போன்ற கறுப்புக் கம்மும் கண்டால், அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம், அப்படியே விட்டு மேலே மூடிவிடுங்கள்.

ஆவியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீ விபத்து இங்கேதான் தொடங்கும். அசெற்றோன், தின்னர், பெற்றோல் மூன்றின் ஆவியும் காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். அசெற்றோன் உறைநிலைக்குக் கீழேகூடத் தீப்பற்றும் ஆவியை விடும். ஹோலில் வேலை நடக்கும்போது குசினியில் காஸ் அடுப்போ விறகடுப்போ எரியக் கூடாது. சுவாமி விளக்கு, சாம்பிராணி, கட்டிலுக்கு அடியில் புகையும் நுளம்புத்திரி எல்லாவற்றையும் அணைத்த பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். நுளம்புத்திரி நிலத்தில்தான் இருக்கும், ஆவியும் நிலத்தில்தான் வரும். மின்விசிறியைப் போத்தல் திறக்குமுன் போட்டுவிடுங்கள், வேலை நடுவில் சுவிட்சைத் தட்டாதீர்கள். பெற்றோலை இந்த வேலைக்கு எவர் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

கையுறையிலும் ஏமாற்றம் உண்டு. பாமசியில் வாங்கும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறையை அசெற்றோன் சில நிமிடத்திலேயே ஊடுருவும். குசினியில் பாத்திரம் கழுவும் தடித்த ரப்பர் கையுறை அசெற்றோனுக்கு மேல். மண்ணெண்ணெய்க்கும் டர்பன்டைனுக்கும் நேர்மாறு. அவை ரப்பரை ஊதவைக்கும், நைட்ரைல் தாங்கும். கையுறை பிசுபிசுத்தால் கழற்றி மாற்றுங்கள். விரல்கள் சுப்பர் குளூவில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இமையை வலிந்து திறக்கக் கூடாது. மிச்சத் தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைப்பது பல வீடுகளில் வழக்கம். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

ஊறிய துணிகளையும் மரத்தூளையும் வெளியே நிழலில் விரித்துக் காயவிட்டு, பிறகு குப்பைக்குக் கொடுங்கள். கழுவிய தண்ணீரையும் மீந்த தின்னரையும் வளவில் ஊற்றாதீர்கள். காத்தான்குடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோரம் முழுக்க மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லாதவை. மணலில் ஊற்றிய தின்னர் நேரே குடிக்கும் தண்ணீருக்குத்தான் இறங்கும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட வைத்திருக்கும் குளோரின் தூளை நிலத்துக் கறைக்கு எடுத்து, அதோடு கழிவறை அசிட்டையும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் எழுவது நச்சு வாயு, கம்மும் போகாது.

எல்லாம் எடுத்தபின் சிவப்பு நிலத்தில் எண்ணெய்த் தடமோ மஞ்சள் நிழலோ எஞ்சினால், பற்றுப் போடுவதுதான் வழி. முகப்பவுடரையோ வெள்ளைச் சோக்குத் தூளையோ அசெற்றோனில் தயிர்ப் பதமாகக் குழைத்து, கால் அங்குலத் தடிப்பில் கறையின்மேல் அப்பி, பொலித்தீனால் மூடி ஓரங்களை ரேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மூடியைத் திறந்து தூள் முழுதாகக் காயும்வரை விட வேண்டும். காயும்போதுதான் சீமெந்துக்குள் இருந்த எண்ணெய் மேலே தூளுக்கு ஏறுகிறது. ஈரமாகத் துடைத்தால் பலன் இல்லை. இரண்டு மூன்று முறை போட வேண்டிவரும். பிறகு சிவப்புப் பொலிஷை மெல்லியதாக இரண்டு தடவை, ஒரு நாள் இடைவெளி விட்டு ஏற்றினால் வெளிர்ந்த வட்டங்களும் மறையும்.

மற்ற கம்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ரேப்பும் ஸ்டிக்கரும் விட்ட பசைக்குத் தேங்காய் எண்ணெய் அரை மணி, பிறகு சோப்புத் தண்ணீர். யூக்கலிப்டஸ் எண்ணெய் இன்னும் வேகம். எலி பிடிக்கும் பசைத்தட்டு கவிழ்ந்தால் தண்ணீர் ஊற்றாமல் சமையல் எண்ணெய் விட்டுக் காகிதத்தால் வழித்தெடுக்க வேண்டும். சிலிக்கனுக்குக் கரைப்பான் தேட வேண்டாம், பிளேட்டால் சீவி எடுப்பது ஒன்றே வழி. பிவிசி கம்முக்கு அசெற்றோன் போதும்.

அந்த ஹோலில் ரைல்ஸ் பதிக்கப் போகிறீர்களா, மீண்டும் கார்பெட் ஒட்டப் போகிறீர்களா என்று கேள்வியில் இல்லை. ரைல்ஸ் என்றால் நிலத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி முத்தாக உருண்டு நின்றால் கம்மோ எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது, சாந்து பிடிக்காது. மேசன் எப்படியும் நிலத்தைக் கொத்திவிட வேண்டும். கம் இருந்த திட்டுகளை அவருக்குக் காட்டி, அங்கே ஆழமாகக் கொத்தச் சொல்லுங்கள். கார்பெட் என்றால், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி 16 மணித்தியாலம் விடுங்கள். திறக்கும்போது உள்ளே துளி துளியாக ஈரம் கோத்திருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ ஓதம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்தில் கம் பூசாமல், கார்பெட்டை வெறுமனே விரித்து ஓரங்களை மட்டும் ரேப்பால் பிடியுங்கள்.